மூன்றாவது போர்வெல்லுக்கு முன்னால்: எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், வேலூரில் நம் நகரின் நான்கு தெருக்களிலும் குடியிருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பங்குனி முடிவதற்குள்ளேயே நம் பொது போர் இரண்டிலும் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, கத்திரி வெயில் பிறந்தால் என்ன செய்வது என்று தலைவர் கேட்டார். 1,000 அடிக்கு மூன்றாவதாக ஒரு போர் போடலாம், வீட்டுக்கு 7,000 ரூபாய் என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குவதாகச் சொன்னார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் மனதை உறுத்துகிறது. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தத் தீர்மானத்தை ஆறு மாதம், அதாவது ஐப்பசி வரைக்கும் தள்ளி வையுங்கள். அதற்குள் நம் 84 வீடுகளிலிருந்தும் வீணாக வெளியே போகிற தண்ணீரை நிறுத்திப் பார்ப்போம். அப்படியும் பற்றவில்லை என்றால் போர் போடுங்கள். முதல் ஆளாக 7,000 ரூபாயை நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கூட்டத்துக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளிக்க வந்தேன். தெரு நனைந்திருந்தது. மழை இல்லை, பனியும் இல்லை. எதிர் வரிசையில் ஒரு வீட்டு மொட்டைமாடி டேங்க் நிரம்பி, வழிகிற குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டார்கள், பாவம். கூப்பிட்டுப் பார்த்தேன், ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. சரி என்று என் 15 லிட்டர் வாளியைக் கொண்டுபோய் அந்தக் குழாயடியில் வைத்துக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 40 வினாடியில் வாளி நிரம்பியது. அவர்கள் எழுந்து மோட்டாரை நிறுத்த 25 நிமிஷம் ஆயிற்று. கணக்குப் போட்டால் 560 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. நாலு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு ஒரு நாள் முழுக்கக் குளிக்க, துவைக்க, சமைக்க, கழுவப் போதுமான தண்ணீர், அந்த 25 நிமிஷத்தில் சாக்கடைக்குப் போய்விட்டது.

யார் வீடு என்று எழுத மாட்டேன். போன வருஷம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்புறம் ஒரு வாரம் விடியற்காலையில் நான்கு தெருவிலும் நடந்து பார்த்தேன். ஒரு நாள் மூன்று வீடு, ஒரு நாள் ஐந்து வீடு. வழியாத நாள் என்று ஒன்று கூட இல்லை. டேங்கில் ஒரு பந்து வால்வு, மோட்டாருக்குத் தானாக நிற்கிற ஸ்விட்ச், இந்த இரண்டும் எல்லா வீட்டிலும் இருந்தால் இது நடக்காது. செலவுக்கு முடியாத வீடு இருந்தால் சங்கமே வாங்கிப் போடலாம். 7,000 ரூபாய் வசூலிக்கத் துணிகிற சங்கத்துக்கு இது பெரிய காரியமில்லை.

1,000 அடி போகலாம் என்று சொல்கிறோமே, கீழே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம்முடையது பாறைப் பூமி. ஆற்றோரம் விட்டால் எங்கே தோண்டினாலும் கருங்கல்தான். பாறையின் மேல்பகுதி சிதைந்து, வெடிப்பு விட்டிருக்கும். தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த வெடிப்புகளில்தான். கீழே போகப் போகப் பாறை இறுகும், வெடிப்பு குறையும். நம் முதல் போர் 350 அடி, இரண்டாவது 650 அடி. இரண்டாவது போட்டபோதும் இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்றுதான் சொன்னோம். மேலே இருந்து ஒரு சொட்டும் உள்ளே போகாமல், கீழே இருப்பதை மட்டும் உறிஞ்சினால் எத்தனை அடி போனாலும் அது சில வருஷத்துப் பேச்சுதான்.

நான் பிறந்தது விரிஞ்சிபுரம் பக்கம், பாலாற்றங்கரையில். சின்ன வயதில் சித்திரை மாதம் ஆறு காய்ந்துதான் கிடக்கும். ஆனால் தண்ணீருக்கு யாரும் அலைந்ததில்லை. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் இறங்குவார். முழங்கை ஆழத்துக்கு மணலைக் கையால் தோண்டுவோம். முதலில் மணல் கறுக்கும், அப்புறம் ஈரம் பளபளக்கும், பிறகு அடியிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் ஊறும். அதைக் கொட்டாங்குச்சியால் இரண்டு தடவை இறைத்து வெளியே ஊற்றிவிட்டால், மூன்றாவது தடவை கண்ணாடி மாதிரி தண்ணீர். குடம் நிரம்பும் வரைக்கும் பொறுமையாக மொள்ள வேண்டும். அவசரப்பட்டால் கரை சரிந்து கலங்கிவிடும். பாலாறு மேலே ஓடாத நாளிலும் மணலுக்குள்ளே ஓடுகிற ஆறு. மணலை அள்ளிவிட்டோம், ஓட்டம் கீழே போய்விட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் கழிவு இந்த ஆற்றை என்ன பாடு படுத்தியது என்பதும் எல்லாருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றமே 1996-ல் தீர்ப்புச் சொன்ன விஷயம் அது.

நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். சின்ன வயதில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கடைசிப் பேச்சு இப்போது பொய். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் மறுபடி வைத்தார்கள். அதுவரைக்கும் எத்தனையோ தலைமுறைக்கு வெறும் கோயில்தான். ஊர் கூடி மனது வைத்ததால் அது மாறியது. முதல் பேச்சையும் மாற்ற முடியாது என்று நான் நினைக்கவில்லை. நம் மாவட்டத்து நாகநதியையே பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான பெண்கள், மழைநீரைப் பூமிக்குள் இறக்கும் கிணறுகளைத் தோண்டிக் கட்டினார்கள். 2021-ல் பிரதமர் வானொலியில் அவர்களைப் பற்றிப் பேசினார். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு அவர்கள் செய்ததில் நூற்றில் ஒரு பங்கையாவது நம்மால் நான்கு தெருவுக்குள் செய்ய முடியாதா?

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். நம் நகரில் கோடையில் அதிகத் தண்ணீர் போவது அங்கேதான் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் ஒரு வேப்ப மரம், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, மாடியில் இருபது தொட்டி. இரண்டு வருஷம் முன்பு வரை காலை ஒன்பது மணிக்கு, சமையல் முடிந்த கையோடு, ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இருபது நிமிஷம். அதை அளந்து பார்த்தபோதுதான் 300 லிட்டர் என்று தெரிந்தது. அதில் பாதி இலையில் பட்டு, சிமென்ட் தரையில் பட்டு, வெயிலில் ஆவியாகப் போனது. செடி குடித்தது கொஞ்சம்தான். இப்போது சூரியன் இறங்கிய பிறகு, அல்லது காலை ஆறரைக்குள், வாளியும் மக்கும் வைத்து வேரடியில் மட்டும் ஊற்றுகிறேன். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பேன். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்துச் செடி தவிக்கிறது என்று நினைத்து எத்தனை நாள் வீணாக ஊற்றியிருக்கிறேன்! மதிய வெயிலில் செம்பருத்தி துவண்டால் கூடப் பதற வேண்டாம். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றலாம்.

இதை விட முக்கியம் மூடாக்கு. வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டவே கூடாது. நம் தெருவில் தினமும் பெருக்கிக் குவித்துக் கொளுத்துகிறோமே வேப்பஞ்சருகு, அதை அப்படியே செடியடியில் நாலு விரல் உயரத்துக்குப் போட்டால் போதும். தேங்காய் மட்டை, தென்னோலைத் துண்டு, வைக்கோல் எதுவும் ஆகும். கரும்புச்சாறுக் கடையில் சக்கையைச் சும்மாவே தருகிறார்கள். ஆனால் அதை இரண்டு நாள் நன்றாக உலர்த்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு படையெடுக்கும். மூடாக்குப் போட்ட தொட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றுகிறேன். போடாத தொட்டி தினமும் கேட்கிறது. என் வார்த்தையை நம்ப வேண்டாம். இரண்டு தொட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே ஒரு வாரம் பாருங்கள்.

தென்னை வைத்திருப்பவர்கள் அடிமரத்தில் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். தண்ணீரை உறிஞ்சும் வேர் தள்ளி இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, அதில் தேங்காய் மட்டையை முதுகு மேலே பார்க்கிற மாதிரி அடுக்கி, கொஞ்சம் மண் தள்ளிவிட்டால் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும்.

மாடித்தோட்டத்தில் நான் கண்ட ஒரு வழியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அணைக்கட்டு ஊர்ப் பக்கமுள்ள அக்கா வீட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை கொடுத்தார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் கத்தரிக்காய். நாலு செடியையும் ஒரே பெரிய தொட்டியில் நட்டு, நடுவில் ஒரு சின்ன மண்பானையைக் கழுத்து வரைக்கும் புதைத்தேன். பானையில் தண்ணீர் நிரப்பி வாயை மூடிவிட வேண்டும். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகிறது. மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைகிறது, காய்ந்தால் கூடுகிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். இதற்குக் கரிகிரிப் பளபளப்புப் பானை ஆகாது. அழகாக இருக்கும், ஆனால் மெருகு பூசியது கசியாது. சாதாரணச் செம்மண் பானைதான் வேண்டும். போன கோடையில் அந்தப் பானையைத் தோண்டி எடுத்தபோது, கத்தரி வேர் மீன்வலை பின்னின மாதிரி பானையைச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருக்கிற இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஓஸ் பைப்பைத் தொடவே மனம் வரவில்லை.

புதுக் கன்று எதையும் இப்போது நடாதீர்கள். கத்திரியில் நட்டால் தண்ணீரும் போகும், கன்றும் போகும். ஆடிப்பட்டம் வரட்டும். புல்தரை வளர்க்கும் இரண்டு வீட்டாரிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். இந்த நான்கு மாதம் புல் மஞ்சளானால் ஆகட்டும், விடுங்கள். முதல் நல்ல மழையில் அதில் பெரும்பகுதி துளிர்த்துவிடும்.

சமையலறைத் தண்ணீரைப் பற்றி அக்காமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாம் ஒரு அண்டாவில் சேர்ந்தால் சாயங்காலம் பத்துத் தொட்டிக்கு ஆகிறது. துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகலாம், கீரைக்கும் தொட்டிச் செடிக்கும் வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, அதைத் தாராளமாகச் செடிக்கு விடலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் அப்படி இல்லை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே போகிறது, அதில் உப்பெல்லாம் சேர்ந்து கிடக்கும். அதைச் செடிக்கு ஊற்றி ஒரு கறிவேப்பிலையை நான் இழந்தேன். இப்போது வீடு துடைக்கவும் கக்கூஸில் ஊற்றவும் வைத்துக்கொள்கிறேன். அதைவிட, காவிரித் தண்ணீர் வரும் நாளில் அந்த மெஷினை அணைத்தே வைத்துவிடலாம் என்பேன். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொல்லியிருக்கிறது. அளந்து பார்க்கும் கருவி பேனா அளவுதான். சங்கத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லா வீட்டுக்கும் சுற்றி வரும். மேட்டூரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து சேர்கிற தண்ணீர் அது. நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்த பிறகு முக்கால்வாசியைச் சாக்கடைக்குத் தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குள் மற்றவை எல்லாரும் அறிந்ததுதான். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். எங்கள் பின்கட்டுக் குழாயடியில் ராத்திரி குடம் வைத்துப் பார்த்தேன், விடியும்போது முக்கால் குடம் இருந்தது. பழைய ஃப்ளஷ் டேங்க் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி உள்ளே இறக்கி வையுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு லிட்டர் மிச்சம். ஷவரை ஆனி வரைக்கும் மறந்துவிட்டு வாளியில் குளிக்கலாம். காரையும் பைக்கையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாசல் தெளிப்பதை விட வேண்டாம், அது நம் வழக்கம். ஒரு செம்புத் தண்ணீரைக் கையால் தெளித்தாலே கோலத்துக்கு மண் படியும். வாளி வாளியாக ஊற்றித் தெருவைக் கழுவுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். பிடித்து வைக்கும் டிரம், அண்டா எல்லாவற்றையும் துணி கட்டி மூடுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, இப்படித் திறந்து வைத்த நல்ல தண்ணீரில்தான். காக்கைக்கும் குருவிக்கும் மதில்மேல் வைக்கிற கிண்ணத்தை மட்டும் மூடாதீர்கள், தினமும் மாற்றி ஊற்றுங்கள்.

சரி, இதெல்லாம் போகிற தண்ணீரைக் குறைப்பது. போரில் தண்ணீர் நிற்க வேண்டுமானால் மழைத் தண்ணீர் பூமிக்கு உள்ளே போக வேண்டும். எல்லா வீட்டிலும் மழைநீர்க் குழி கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்தபோது நாமும் கட்டினோம். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்கக் கட்டினோம், வாங்கியதும் மூடினோம். மூடியை அதற்குப் பிறகு திறந்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாங்களும் திறந்ததில்லை. போன மாசி மாதம்தான் என் வீட்டுக்காரரும் நானும் கடப்பாரையால் நெம்பி அந்த சிமென்ட் பலகையை நகர்த்தினோம். மூன்றடி அகலம், ஐந்தடி ஆழக் குழி. மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சேறு படிந்து காய்ந்து, ஏரி வறண்டால் வெடிக்குமே, அந்த மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஷாம்பு பாக்கெட், பேரனின் பழைய பந்து, கைப்பிடி தடிமனுக்கு வேப்ப வேர். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். காலையில் ஊற்றியது மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்க்கும்போதும் அப்படியே நின்றது. இத்தனை வருஷம் எங்கள் மாடியில் விழுந்த மழையெல்லாம் இந்தக் குழி வரைக்கும் வந்து, உள்ளே போக வழியில்லாமல் தெருவுக்கு வழிந்திருக்கிறது. ஒரு ஆள் வைத்து, சேற்றை வாரி, ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, மேலே புது மணல் போட்டோம். கூலி, மணல் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். அப்புறம் அதே குடத்தால் அதே குழியில் ஊற்றினோம். நான் இருபது எண்ணுவதற்குள் காணோம். என் வீட்டுக்காரர் இன்னொரு குடம், இன்னொரு குடம் என்று மூன்று குடம் ஊற்றிப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் தண்ணீர். நம் 84 வீட்டுக்கும் கணக்குப் போட்டால் 78,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஆறரை லாரி. ஒரு சென்டிமீட்டருக்கு! நம் மாவட்டத்தில் ஒரு வருஷத்தில் சராசரியாகப் பெய்வது சுமார் 90 சென்டிமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையோடு நமக்கு ஆடி, ஆவணியிலும் சாயங்கால இடிமழை உண்டு. கத்திரி நடுவிலேயே, குடியாத்தம் சிரசுத் திருவிழா சமயத்தில் கூட, சில வருஷம் காற்றும் மழையுமாக அடித்துப் போட்டிருக்கிறது. 2021 கார்த்திகையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாம் எல்லாரும் பாலத்தில் நின்று பார்த்தோம். 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்றார்கள். கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அந்த மழை நம் நான்கு தெருவிலும்தான் பெய்தது. முழங்கால் அளவு ஓடியது. அடுத்த சித்திரையில் லாரிக்குப் பணம் கட்டினோம்.

அதனால் சங்கத்திடம் நான் கேட்பது இவைதான். கத்திரி பிறப்பதற்குள் 84 வீட்டு மழைநீர்க் குழியின் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் தூர் வார வேண்டும். ஆள் ஒருவரையே மொத்தமாகப் பேசினால் வீட்டுக்கு 1,800 ரூபாய் கூட ஆகாது. மாடிக் குழாய் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் அதைக் குழிக்குத் திருப்ப வேண்டும். குளியலறைத் தண்ணீரை மட்டும் தயவுசெய்து அந்தக் குழியில் விடாதீர்கள். நாளைக்கு நாம் குடிக்கிற தண்ணீர் அது. இரண்டாவது தெரு முனையில் பலகை போட்டு மூடி, மேலே குப்பை கொட்டி வைத்திருக்கிறோமே பழைய கிணறு, அதைச் சுத்தம் செய்து, சுற்றியுள்ள ஏழெட்டு வீட்டு மாடித் தண்ணீரை மணல் ஜல்லி வடிகட்டி வழியாக அதில் இறக்கலாம். அந்தக் கிணற்றைத் தோண்டியவர்கள் கையாலே தோண்டியிருப்பார்கள். மறுபடி தோண்ட வேண்டியதில்லை, திறந்தால் போதும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். வீட்டைச் சுற்றி ஒரு அங்குலம் மண் தெரியாமல் கலர் கல் பதிக்கிறோம். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதியம் அதன் மேல் கால் வைக்க முடியவில்லை, ராத்திரி பத்து மணிக்கும் சூடு இறங்கவில்லை, மழை பெய்தால் அத்தனையும் தெருவுக்கு ஓடுகிறது. மதிலோரம் இரண்டடியாவது கல்லைப் பெயர்த்து மண்ணை விடுங்கள். மரம் இருந்தால் அதன் தூரைச் சுற்றி மூன்றடி. வேப்ப மரத்துக்கு மூச்சு விட இடம் வேண்டாமா? எங்கள் வீட்டு முன்பக்கக் கல்லை நாங்கள் எடுத்துவிட்டோம். சேறாகும் என்று பயந்தேன், சருகு போட்டு வைத்ததில் ஆகவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பொது போர்களில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து, கோயில் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கலாம். கயிற்றில் கல் கட்டி இறக்கினாலே தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். ஐப்பசியில் அந்த எண்ணைப் பார்த்துத் தீர்மானத்தைப் பற்றிப் பேசுவோம்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர் வீட்டுக் குழியைத் திறக்கச் சம்மதித்திருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, நீங்கள் இருவரும் அவசியம் வர வேண்டும். மற்றவர்களும் வாருங்கள், முதலில் சும்மா பார்க்கவாவது வாருங்கள். எங்களிடம் ஒரு கடப்பாரைதான் இருக்கிறது. இன்னொன்றும் மண் அள்ள இரண்டு பாண்டும் யாராவது கொண்டுவந்தால் நல்லது. காபி என் பொறுப்பு.

இப்படிக்கு,
மூன்றாவது தெரு, வேப்ப மரத்து வீட்டிலிருந்து
உங்கள் சகோதரி